சைலன்சரை அறுத்தால் வேகம் கூடுமா?
பழைய மோட்டாரைப் பிரித்து மாட்டும்போது வள்ளக்காரர்கள் செய்யும் பெரிய தவறு

நாகர்கோவில்,

கடலில் 10 கிலோமீட்டர் உள்ளே, நள்ளிரவில், வள்ளத்தின் எஞ்சின் நின்றுபோனால் என்ன ஆகும்?

பஸ் நின்றால் இறங்கி அடுத்த பஸ்சைப் பிடிக்கலாம். ஸ்கூட்டர் நின்றால் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போகலாம். வள்ளத்தை யார் தள்ளுவது? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் போக வேண்டும். பக்கத்தில் வேறு வள்ளம் இருந்தால் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். இல்லையென்றால், கரையில் பெண்டுபிள்ளைகள் விடிய விடியக் கண் விழித்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

எஞ்சின் நின்றுபோக நூறு காரணம் உண்டு. அவற்றில் ஒன்று மட்டும் விசித்திரமானது. அது தானாக வருவதில்லை. கைக்காசு கொடுத்து வரவழைத்துக்கொள்வது!

பழைய மோட்டாரைப் பிரித்து வேலை பார்க்கும்போது, “கூடவே சைலன்சரையும் அறுத்து விட்டால் வேகம் கூடும்” என்று புகைக்குழாயில் கை வைப்பதுதான் அது.

கயிற்றை இழுத்தால் கிளம்பும்

குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். மணலில் வரிசையாக வள்ளங்கள். பின்பக்கப் பலகையில் மாட்டித் தொங்குகிறது மோட்டார். மேலே தலை, அதுதான் எஞ்சின். கீழே நீளமாகக் கால். காலின் அடியில் புரொப்பல்லர். கயிற்றைச் சுண்டி இழுத்தால் எஞ்சின் கிளம்பும். இதைத்தான் அவுட்போர்டு மோட்டார் என்கிறார்கள்.

1980-களில் இந்தக் கரையோரம் மோட்டார் வேகமாகப் பரவியது. அதற்கு முன்பு பாயும் துடுப்பும்தான் துணை. வந்தவற்றில் பெரும்பாலானவை ஜப்பான் மோட்டார்கள். யமஹா கம்பெனி தன் முதல் அவுட்போர்டு மோட்டாரை 1960-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. சுசுகி 1965-ல் வந்தது.

இந்த ஊர் வள்ளங்களில் ஓடும் பழைய மோட்டார்கள் டூ-ஸ்ட்ரோக் வகை. பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். புது மோட்டார் வாங்க லட்ச ரூபாய்க்கு மேல் வேண்டும். அதனால் பழையதையே பிரித்து, போரிங் போட்டு, பிஸ்டன் மாற்றி, மறுபடியும் மறுபடியும் ஓட்டுகிறார்கள். ஆனி, ஆடிக் காற்றில் கடலுக்குப் போக முடியாத நாட்களில் மோட்டார்கள் ஆட்டோவில் ஏறிப் பட்டறைக்கு வருகின்றன.

“அறுத்து விட்டுருங்க அண்ணே!”

பட்டறையில் பேச்சு பெரும்பாலும் இந்த மாதிரிதான் தொடங்கும்.

“அண்ணே, எஞ்சின் முன்ன மாதிரி இழுக்கல்ல. அலை தாண்டுறதுக்கே மூச்சு வாங்குது.”

“தலையை இறக்கிப் பாத்துருவோம் மக்கா. ரிங் தேஞ்சிருக்கும்.”

“அப்படியே கால்ல இருக்க குழாயையும் அறுத்து விட்டுருங்க. புகை லேசா வெளிய போச்சுன்னா ஸ்பீடு ஏறும்லா?”

“ஏறாது மக்கா. சொல்லுதேன் கேளு...”

கேட்பவர்கள் கேட்கிறார்கள். கேட்காதவர்கள் அடுத்த பட்டறைக்குப் போகிறார்கள். ஹாக்சா பிளேடு எங்கும் கிடைக்கும். அறுக்க அரைமணி நேரம் போதும். ஒருவர் காலுக்குள் இருக்கும் குழாயைக் குட்டையாக்குவார். இன்னொருவர் அதை மொத்தமாகவே எடுத்துவிட்டு, காலில் ஓட்டை போட்டுப் புகையை மேலேயே வெளியேற்றுவார். வேறொருவர் குழாய் இற்றுப்போன இடத்தில் கிடைத்த இரும்பு பைப்பை வெட்டிச் சொருகுவார்.

இந்த ஆசை வள்ளக்காரர்களுக்கு மட்டும் சொந்தமல்ல. நம் தெருவிலும் உண்டு. 1985 முதல் 1996 வரை தயாரான ஆர்.எக்ஸ்.100 பைக்கை இன்றைக்கும் வைத்துக்கொண்டு, சைலன்சரின் உள்குழாயை உருவிவிட்டு, ‘படபட’ என்று பறக்கும் இளவட்டங்களை யார்தான் பார்க்கவில்லை? அதுவும் டூ-ஸ்ட்ரோக்தான். இதுவும் டூ-ஸ்ட்ரோக்தான். இரண்டிலும் நடக்கும் தவறு ஒன்றே. பைக்கில் நடந்தால் போலீஸ் அபராதம் போடும். கடலில் நடந்தால் உயிருக்கே ஆபத்து.

புகைபோக்கி அல்ல, கதவு!

தவறு எங்கே தொடங்குகிறது? புகைக்குழாயை அடுப்படிப் புகைபோக்கி மாதிரி நினைப்பதில்தான்.

அடுப்படியில் புகைபோக்கி எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் அப்படியல்ல.

கார், புது பைக் எல்லாம் ஃபோர்-ஸ்ட்ரோக். அவற்றில் வால்வு இருக்கிறது. கதவு மாதிரி அது திறக்கும், மூடும். டூ-ஸ்ட்ரோக்கில் புகை போகும் வழிக்கு அப்படித் தனிக் கதவு கிடையாது. சிலிண்டர் சுவரில் துவாரங்கள்தான் உண்டு. ஒன்றில் புகை வெளியே போகும். மற்றவற்றில் புதிய எண்ணெய்க் கலவை உள்ளே வரும். பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் புகைத் துவாரம் திறக்கும். அடுத்து கலவைத் துவாரங்கள் திறக்கும். கொஞ்ச நேரம் எல்லாமே சேர்ந்து திறந்து கிடக்கும்.

வாசல், கொல்லை இரண்டும் திறந்து கிடக்கும் வீட்டில் என்ன நடக்கும்? வாசல் வழியாக வந்தது கொல்லை வழியாகப் போய்விடும். அதேதான் இங்கேயும். உள்ளே வந்த புதுக் கலவையில் ஒரு பகுதி, எரியாமலே புகையோடு வெளியே போய்விடுகிறது.

பழைய கார்புரேட்டர் மோட்டாரில், எல்லாம் ஒழுங்காக இருந்தால்கூட, ஊற்றிய எண்ணெயில் ஏறக்குறைய கால் பங்கு இப்படி வீணாகிறது. 20 லிட்டர் ஊற்றினால் 5 லிட்டர் எரியாமலே போகிறது. கடலில் தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் படலம் மிதப்பது அதனால்தான். அது மிதக்கும் எண்ணெய் அல்ல, மிதக்கும் காசு!

அந்தக் காசைக் கொஞ்சமாவது தடுத்து நிறுத்துவது எது? புகைக்குழாய்தான்.

போய்த் திரும்பும் அலை

புகைத் துவாரம் திறந்தவுடன் ‘டப்’ என்று ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. சாதாரணக் காற்றில் ஒலி வினாடிக்கு 340 மீட்டர் ஓடும். சூடான புகையில் இன்னும் வேகம். ஏறக்குறைய 500 மீட்டர்.

இந்த அலை குழாயின் முனைக்குப் போனதும் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. கிணற்றில் கூப்பிட்டால் எதிரொலி வருகிறதே, அது மாதிரி திரும்பி வருகிறது. குழாய் விரியும் இடத்திலிருந்து உறிஞ்சும் அலையாகத் திரும்பும். அது சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்து வெளியேற்றும். குழாய் ஒடுங்கும் இடத்திலிருந்து தள்ளும் அலையாகத் திரும்பும். அது வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அந்த நொடியில் பிஸ்டன் மேலே ஏறித் துவாரத்தை மூடிவிட்டால் காரியம் வெற்றி!

ஆக, வால்வு இல்லாத எஞ்சினுக்கு அந்தத் திரும்பும் அலையே கதவு.

இதில் நேரக் கணக்குதான் முக்கியம். நிமிடத்துக்கு 5 ஆயிரம் சுற்று ஓடும் மோட்டார், ஒரு வினாடிக்கு 83 தடவை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், வினாடியை ஆயிரம் பங்கு வைத்தால் அதில் 12 பங்கு. அதிலும் பாதிக்குக் குறைவான நேரம்தான் புகைத் துவாரம் திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் அலை போய்த் திரும்ப வேண்டும். சீக்கிரம் வந்தாலும் கெடுதல், தாமதமாக வந்தாலும் கெடுதல்.

குழாயில் அரை அடி அறுத்தால் என்ன ஆகும்? போக அரை அடி, வர அரை அடி, ஆக ஒரு அடி தூரம் குறைகிறது. 5 ஆயிரம் சுற்றில் ஓடும்போது, அலை ஏறக்குறைய 18 டிகிரி முன்னதாகவே வந்து நிற்கும். கதவை மூட வேண்டியவன், ஆள் உள்ளே வருமுன்பே வந்து கதவை அடைத்த கதைதான்!

மோட்டாரில் இரண்டு சிலிண்டர் இருந்தால் கணக்கு இன்னும் நுணுக்கம். ஒரு சிலிண்டரின் புகை மற்ற சிலிண்டருக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது. அதற்காகவே பல மோட்டார்களில் புகை வழியின் நடுவே தடுப்புச் சுவர் வைத்திருக்கிறார்கள். “இது எதுக்கு அடைச்சுக்கிட்டு நிக்குது?” என்று அதையும் வெட்டி எறிகிறவர்கள் உண்டு.

குழாய் ரகசியத்துக்காக நாட்டைவிட்டு ஓடிய வீரர்

புகைக்குழாயின் வடிவம் ஒரு காலத்தில் இரும்புத்திரைக்குப் பின்னால் பூட்டி வைத்த ரகசியமாக இருந்தது.

கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். என்று ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனி. அதன் பந்தய எஞ்சின்களைச் செய்தவர் வால்டர் காடன். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மனியின் ராக்கெட் ஆராய்ச்சி நடந்த பீனமுண்டேயில் வேலை பார்த்தவர். விரிந்து ஒடுங்கும் புகைக்குழாயை முதலில் செய்தவர் அவர் அல்ல. ஆனால் உட்கார்ந்து சோதித்துச் சோதித்து அதைப் பக்குவப்படுத்தியவர் அவர்தான்.

பலன்? 1961-ல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைச் சக்தி கொடுத்தது. நம் ஊர் ஆர்.எக்ஸ்.100, 98 சி.சி.யில் கொடுத்தது 11 குதிரைச் சக்திதான். வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்த எஞ்சினை ஓட்டிய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961 செப்டம்பரில் சுவீடன் நாட்டில் பந்தயம். பெர்லின் சுவர் எழும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பந்தயத்தில் டெக்னரின் எஞ்சின் பாதியில் உடைந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. மேற்கு நாட்டுப் பக்கம் தப்பிப் போய்விட்டார். அதே நேரத்தில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் காரில் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். சினிமாவில் வருவது மாதிரி!

டெக்னர் போய்ச் சேர்ந்த இடம் ஜப்பான் சுசுகி கம்பெனி. காடனின் எஞ்சின் ரகசியங்களும் கூடவே போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆண்டே, 1962-ல், 50 சி.சி. உலகப் பட்டத்தை சுசுகி வண்டியில் டெக்னர் தட்டிச் சென்றார். ஜப்பானின் சுசுகா பந்தயத் திடலில் இன்றைக்கும் அவர் பெயரில் ஒரு வளைவு இருக்கிறது.

ஒரு குழாயின் நீளத்திலும் வளைவிலும் இவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது. அதை இங்கே ஹாக்சா பிளேடால் அரைமணி நேரத்தில் அறுத்துப் போடுகிறோம்!

பந்தயம் வேறு, மீன்பிடி வேறு

“அப்படியானால் பந்தயக்காரர்கள் குழாயை மாற்றித்தானே ஜெயிக்கிறார்கள்? நாமும் மாற்றினால் என்ன?” என்று கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஆனால் காடனின் எஞ்சின் 25 குதிரைச் சக்தி கொடுத்தது 10 ஆயிரம் சுற்றைத் தாண்டிய பிறகு. அந்த வேகத்துக்குக் கீழே அதற்கு இழுவை கிடையாது. பந்தய வண்டியில் ஆள் ஒருவர். சுமை இல்லை.

வள்ளத்தின் கதை வேறு. 4 பேர், வலை, ஐஸ், திரும்பும்போது மீன். மோட்டார் முழு வேகத்தில் ஓடினாலும் பொதுவாக 4,500 முதல் 5,500 சுற்றுதான். அதற்குமேல் ஓடவிடாமல் தண்ணீரே புரொப்பல்லரைப் பிடித்து நிறுத்துகிறது. குட்டைக் குழாய் பலன் கொடுப்பது அதிகச் சுற்றில். அந்தச் சுற்றுக்கு வள்ளத்து மோட்டார் போகவே போகாது. பிறகு அறுத்து என்ன லாபம்?

லாபம் இல்லாதது மட்டுமல்ல. இருந்த இழுவையும் போய்விடும். குமரிக் கரையில் வள்ளத்தை இறக்கும்போது, கரையில் உடையும் அலைகளைத் தாண்டுவதுதான் பெரும் பாடு. அந்த நேரத்தில் குறைந்த சுற்றில் முரட்டு இழுவை வேண்டும். அது இல்லாவிட்டால் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பினால் கவிழும்.

புகைத் துவாரத்தின் மேல்விளிம்பை அரம் வைத்து உயர்த்துகிறவர்களுக்கும் இதே கதிதான். அதிகச் சுற்றில் கொஞ்சம் கூடலாம். குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். அறுத்த குழாயை மாற்றி வேறு வாங்கலாம். அரம் போட்ட சிலிண்டரைப் பழையபடி ஆக்க முடியாது.

பிறகு ஏன் வேகம் கூடியது மாதிரி தோன்றுகிறது?

சத்தம்தான் காரணம்!

குழாயை அறுத்ததும் எஞ்சின் கர்ஜிக்கிறது. காதுக்குக் கர்ஜனை, மனசுக்கு வேகம். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரே தூரத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்தச் சத்தத்துக்கும் விலை உண்டு. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது உலகில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி. 94 என்றால் ஒரு மணி. 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்! மோட்டாருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, போக 2 மணி, வர 2 மணி பிடிக்கிறவர் காது என்ன ஆகும்? வீட்டில் மனைவி கூப்பிட்டாலும் கேட்காது. கடலில் பக்கத்து வள்ளக்காரன் கத்தினாலும் கேட்காது.

புகையை மேலேயே வெளியேற்றினால் இன்னொரு கெடுதல். காற்று பின்பக்கமிருந்து அடிக்கும்போது நச்சுப்புகை நேராக முகத்துக்கு வரும். தலைவலி, மயக்கம் வரும். கடலில் மயக்கம் வந்தால் பிடிப்பதற்கு யார்?

எஞ்சின் எப்படிச் சாகிறது?

டூ-ஸ்ட்ரோக்கில் எஞ்சின் ஆயில் தனியாக இல்லை. எரிபொருளோடு கலந்துதான் வருகிறது. அதுதான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர்.

குழாயை மாற்றினால் எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவு மாறும். கார்புரேட்டர் ஜெட் பழையபடியே இருக்கும். காற்று கூடி எரிபொருள் கூடாவிட்டால் கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவை அதிகச் சூட்டில் எரியும். ஆயிலும் குறைவாகவே வரும். மண்ணெண்ணெய் வேறு, பெட்ரோலைவிடச் சீக்கிரம் ‘நாக்’ அடிக்கும் சரக்கு. பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும். அல்லது பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ‘சீஸ் ஆயிட்டு’ என்கிறார்களே, அதுதான். போரிங் போட்ட காசு, பிஸ்டன் வாங்கிய காசு எல்லாம் கடலோடு போயிற்று!

இரண்டாவது எமன், தண்ணீர். அவுட்போர்டு மோட்டாரில் குளிர்விக்கும் தண்ணீரைப் புகையோடு கலந்து காலுக்குள் இறக்குகிறார்கள். புகை குளிர்வது அப்படித்தான். காலுக்குள் இருக்கும் குழாய், புகைக்கு வழி மட்டுமல்ல. தண்ணீர் மேலே ஏறாமல் தடுக்கும் அரணும்கூட. அதைக் குட்டையாக்கினால், வேகத்தைத் திடீரென்று குறைக்கும்போது பின்னால் வரும் அலை காலுக்குள் ஏறிச் சிலிண்டர்வரை போகலாம். உப்புத்தண்ணீர் ஒருதரம் உள்ளே போனால் போதும். ரிங் துருப்பிடிக்கும், பேரிங் துருப்பிடிக்கும். கதை முடிந்தது.

பிரிக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

அப்படியானால் பழைய மோட்டாரின் புகை வழியில் கையே வைக்கக் கூடாதா? வைக்க வேண்டும். வைக்க வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். ‘இழுக்கல்ல’ என்று வரும் மோட்டாரில் பாதி வியாதி புகை வழியில்தான் இருக்கும். மருந்து அறுப்பது அல்ல, பழைய நிலைக்குக் கொண்டுவருவது.

1. கரி: மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரில் புகைத் துவாரத்தைச் சுற்றிக் கரி படிந்து வழி சுருங்கிவிடும். முதலில் அதைச் சுரண்ட வேண்டும். ஸ்குரூடிரைவர் கூடாது, அலுமினியம் கீறிவிடும். மூங்கில் குச்சியோ கெட்டி மரக்குச்சியோ போதும். சுரண்டிய கரி சிலிண்டருக்குள் விழுந்து கிடக்கக் கூடாது. பல மோட்டார்களுக்கு இந்த ஒரு வேலையிலேயே பழைய இழுவை வந்துவிடும்.

2. துவார விளிம்பு: போரிங் போட்டபின் துவாரங்களின் ஓரம் கத்தி மாதிரி கூராக இருக்கும். அதை லேசாக மழுக்க வேண்டும். மறந்தால் ரிங் அதில் மாட்டி ஒடியும். சிலர் போரிங்குக்குச் செலவழித்துவிட்டு இந்த 10 நிமிட வேலையை விட்டுவிடுகிறார்கள்.

3. மூடியும் கேஸ்கட்டும்: சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் புகை மூடியைக் கழற்றி, உப்பு அரித்த ஊசித்துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இருந்தால் மூடியை மாற்ற வேண்டும். பழைய கேஸ்கட்டைத் துடைத்து மறுபடி போடுவது ஆபத்தான சிக்கனம். கேஸ்கட் துவாரத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதை நறுக்கிச் சமப்படுத்தலாம். வார்ப்பில் இருக்கும் பிசிறுகளைத் தேய்த்து வழவழப்பாக்கலாம். இந்த மாற்றங்களில் கெடுதல் இல்லை.

4. தலையும் காலும் சேரும் இடம்: இங்கே கேஸ்கட் கசிந்தால் புகை மேல்மூடிக்குள் நிறையும். கார்புரேட்டர் நல்ல காற்றுக்குப் பதில் அந்தப் புகையையே இழுக்கும். எஞ்சின் திணறித் திணறி நிற்கும். கார்புரேட்டரைப் பத்துத் தடவை கழற்றினாலும் நோய் தீராது.

5. உள்குழாய்: உப்பில் இற்றுப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழையதன் நீளம், உள்விட்டம், விரியும் சரிவு மூன்றும் அப்படியே இருக்க வேண்டும். அசல் கிடைக்காவிட்டால், இற்றுப்போன குழாயை அளவெடுத்த பிறகே தூக்கி எறிய வேண்டும். அளவில்லாமல் செய்த குழாயும் அறுத்த குழாயும் ஒன்றுதான்.

6. சிறு துவாரம்: காலின் மேல்பகுதியில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு சிறு துவாரம் இருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகைக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் பலம் இருக்காது. அப்போது புகை இதன் வழியாகப் போகும். இது உப்பும் கரியும் அடைத்துக் கிடந்தால் எஞ்சின் மெதுவோட்டத்தில் நிற்காது. கம்பி விட்டுச் சுத்தம் செய்தால் போதும். அடைக்கவும் கூடாது, பெரிதாக்கவும் கூடாது.

7. தண்ணீர் பம்பு: உள்ளே இருக்கும் ரப்பர்ச் சக்கரத்தை மாற்ற வேண்டும். ஓடும்போது பக்கவாட்டில் தண்ணீர் பீச்சி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயிண்ட் கொப்பளித்திருந்தால் அந்த இடம் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாம் மாட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது கடைசிப் பரீட்சை. முழு வேகத்தில் ஓட்டி நிறுத்திய பிளக் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் சுகம். வெள்ளையாக இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. உடனே கவனிக்க வேண்டும். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் அதிகம்.

வேகம் போன இடம் வேறு!

இத்தனையும் செய்தபிறகும் வேகம் வரவில்லை என்றால்? எஞ்சினை விட்டுவிட்டுக் கீழே குனிந்து புரொப்பல்லரைப் பார்க்க வேண்டும். பாறையிலும் மணலிலும் பட்டு இதழ் மடங்கியிருக்கும். அல்லது அந்த வள்ளத்துக்குப் பொருந்தாத புரொப்பல்லரை மாட்டியிருப்பார்கள். சுற்றை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தால், மோட்டார் தனக்குரிய சுற்றுக்குப் போகிறதா இல்லையா என்று 2 நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிறகு மோட்டார் தொங்கும் உயரம். மோட்டாரின் கால் பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என இரண்டு அளவில் வரும். 15 அங்குலப் பலகையில் 20 அங்குலக் காலை மாட்டினால் புகை வெளியேறும் வாய் தண்ணீருக்குள் ஆழமாகப் போய்விடும். புகை திணறும். “சைலன்சர் அடைக்குது” என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். இதற்குப் பலகையைத் திருத்தினால் போதும். குழாயை அறுக்க வேண்டாம்.

வள்ளத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பாசியும் சிப்பியும்கூட வேகத்தைத் தின்னும். அதைச் சுரண்ட ஒரு காசு செலவில்லை.

கணக்குப் பார்த்தால்...

கரி சுரண்ட ஒரு மூங்கில் குச்சி. நாலைந்து கேஸ்கட். ஒரு ரப்பர்ச் சக்கரம். ஒருநாள் கூலி. பழைய மோட்டார் மறுபடி இழுக்க இவ்வளவு போதும் என்ற நிலையில், பலர் குழாயை அறுத்துவிட்டு, இரண்டு மாதத்தில் அதே மோட்டாரை மறுபடி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அப்போது பிஸ்டன் மட்டுமல்ல, சிலிண்டரும் போயிருக்கும். கந்துவட்டிக் கடனும் ஏறியிருக்கும்.

ஒரு வள்ளம் ஒருநாள் கரையில் கிடந்தால் 4 வீட்டில் உலை கொதிக்காது. கடலில் நின்றுபோனால் அந்த 4 வீட்டிலும் யாரும் தூங்க முடியாது.

அதனால்தான் விஷயம் தெரிந்த பட்டறைக்காரர்கள், வாடிக்கை போனாலும் போகட்டும் என்று கையை விரித்துவிடுகிறார்கள்.

“குழாயை அறுக்கச் சொன்னா வேற ஆளப் பாரு மக்கா. நீ கரைக்குத் திரும்பி வரணும்.”